மிச்சக் காசு

தெய்வேந்திரம் தொலைபேசியில் சொன்னார்:
"பங்குனியோட பேப்பர் நிற்குது.
இன்னும் நாலு கிழமை இருக்கு. பவளராணியை
எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ."

எங்கே விடுவது?
பத்தொன்பது வருடம், ஞாயிறுக்கு ஞாயிறு
கிண்ணியாத் துறையில் டிக்கட் கிழித்தவள்.
கடலுக்கு மேலே பாலம் வந்து
பஸ்கள் நிற்காமல் ஓடத் தொடங்கிய பிறகும்
என் கதைக்குள் மட்டும்
இரும்புப் பாதை முனகிக்கொண்டு போய்வந்தது,
அவளுக்கு வேலை போய்விடக் கூடாதென்று.

முதல் அத்தியாயத்தில் அவளுக்கு இருபத்தேழு,
எனக்கு நாற்பத்திரண்டு.
இப்போதும் அவளுக்கு இருபத்தேழு.
எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று.

கல்யாணம் கட்டிவைத்துப் பார்த்தேன்.
மாப்பிள்ளை நல்லவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.
தாலி ஏறுகிற நேரம் பார்த்து
அவள் டிக்கட் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.
கிழித்தேன்.

கனடாவுக்கு அனுப்பினேன்.
கட்டுநாயக்கா வரைக்கும் எழுத முடிந்தது.
அதற்கு அப்பால் எந்தப் பக்கம் கதவு என்று
எனக்கே தெரியாது.

டச்பே மணலில் குந்தியிருந்து
கிழித்துப் போட்ட தாள்களை
ஊர் மான்கள் வந்து தின்றன.
கல்யாணத்தை மிச்சம் வைக்காமல் தின்ற கொம்பன்
கனடாவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

கொன்றுவிடலாம். கடல் பக்கத்தில்தான்.
பேனையைத் திறந்தேன்.
அந்தத் தண்ணீரில் யார் யாரை இறக்கினார்கள் என்று
இந்த ஊரில் சத்தமாய்க் கேட்பவர் இல்லை.
அதற்குள் நானும் ஒருத்தியை
இறக்க மாட்டேன்.
மூடினேன்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்.
பிறஷர்க் குளிசைக்கு வரிசை.
முன்னால் நின்றவர் ஹபீலா, பெரியாற்றுமுனைக்காரி.
கார்டில் இருந்த பெயரை எட்டிப் பார்த்துவிட்டார்.
"கதை முடியப் போகுதாமே சேர்.
அப்ப அந்த மனிசன்ட காசு?"

எந்த மனிசன்?

"மழை நாள். கோழிக் கூடையோட வந்தவரு.
அம்பது ரூபாத் தாளக் குடுத்திட்டு
மிச்சம் வாங்காம எறங்கிப் போனவரு.
நாப்பத்தாறு ரூபா.
முந்தானையில முடிஞ்சு வெச்சாளே,
மொதக் கெழமையே.
நீங்க எழுதினதுதானே?"

எழுதியவன் நான்தான்.
அடுத்த ஞாயிறே மறந்தவனும் நான்.
அந்த முடிச்சை இத்தனை காலம் சுமந்தவர்கள்
அவளும் ஹபீலாவும்.

கடைசிக் கிழமைக்கு இப்படி எழுதினேன்:
விடியப்புறம் துறைக்கு வருகிறாள் பவளராணி.
பாதை இல்லை. வடம் இல்லை.
வரிசையில் நிற்கும் லொறிகள் இல்லை.
நீளமாய் ஒரு பாலம் கிடக்கிறது.
எப்போது கட்டினார்கள் என்று யாரையும் கேட்காமல்
நடந்தே ஏறுகிறாள்.
பாதித் தூரத்தில் முழங்கால் நோகிறது.
கைபிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள்.
காற்றில் பறக்கும் மயிரை ஒதுக்குகையில்
விரலோடு வருகிறது ஒரு நரை.
கூர்ந்து பார்த்துவிட்டு
கடலில் விடுகிறாள்.
அக்கரையில் இரண்டு கடையில் விசாரித்து
கோழிகள் கிண்டுகிற ஒரு முற்றத்தைத் தாண்டி
தகரக் கதவைத் தட்டுகிறாள்.
உள்ளே செருப்புச் சத்தம்.

அவ்வளவுதான்.

"ஆள் உயிரோட இருக்கிறாரோ?"
தெய்வேந்திரம் கேட்டார்.
தெரியாது என்றேன்.
ஒளிக்கவில்லை. உண்மையில் தெரியாது.

அடுத்த மாதக் கிளினிக்கில்
ஹபீலா எனக்கு இரண்டு பேர் பின்னால்.
"நாப்பத்தாறு ரூபாக்கு
இப்ப ஒரு பிளேன்டியும் வராதே சேர்."

"வராது."

"எண்டாலும் போனாளே."

நேர்ஸ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டா.
வரிசை ஒரு அடி நகர்ந்தது.