சாண்

என் இடக்கை ஒரு சாண்.
சாணுக்கு எட்டுக் கட்டை. வலிக்க இழுத்தால் ஒன்பது.
இந்தத் தாளில் இருப்பது பத்து.

எழுதியவனுக்குப் பெரிய கை போலும்.
பக்கத்தில் ஒரு நெளிகோடுகூடப் போடவில்லை.
மூன்று சுரமும் ஒன்றாக விழட்டும் என்று
போய்ச் சேர்ந்துவிட்டான்.

தண்டர் பே. பெப்ரவரி. தேவாலயத்தின் கீழ்த்தளம்.
பனிச்சப்பாத்து பெடலில் வழுக்குமென்று
காலுறையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

சுண்டுவிரல் அடியைத் தொடும்;
அது அடங்குமுன் கால் பிடித்துக்கொள்ள வேண்டும்;
கை புரண்டு மேலேறிக்
கடைசியில் கட்டைவிரல்.
சாண் ஏற முழம் சறுக்கும்:
கால் ஒரு இமை பிந்தினால் அடிக்குரல் போய்விடும்,
அத்திவாரமில்லாமல் மேல்மாடி மட்டும் தொங்கும்.

கைசா செல்லோவை நிறுத்தினாள்.
பகலெல்லாம் துறைமுகத்தில் கோதுமை நிறுப்பவள்.
"நான் எங்கே வர?
உன் முதல் சுரத்திலா, கடைசியிலா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
கை சின்னது, எட்டவில்லை, அதனால்தான் உடைக்கிறேன்,
ஒரு விதத்தில் களவுதான்...
அவள் கேட்டது அதுவல்ல.
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல்
என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், என்றேன்.

மறுபடி.
அடி.
நடு.
சூட்டுக்குழாய் எங்கோ டக்கென்றது.
அவள் மூச்சு உள்ளே போவது கேட்டது,
நரம்புக்கு மேலே, தொடாமல்,
வில் காத்து நின்றது.

நான் கொஞ்சம் பிந்தினேன்.
கை எட்டாமல் அல்ல.