எதில் கிடக்கிறாய்

ஓபனில் ஜூலை.
மல் தீவுக்குப் போகும் படகு ஊதுகிறது.
படித்துறையில் சட்டை கழற்றி வெயில் காய்கிறார்கள்.
நான் கம்பளிக் குல்லாயோடு
குளிரறைக்குள். மைனஸ் இருபது.

கையில் ஐந்து மீட்டர் கறுப்பு நாடா,
இரண்டு சென்டிமீட்டருக்கு ஓர் உணரி,
மொத்தம் இருநூற்று நாற்பது.
ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் லேசாகச் சூடாகும்.
சூடு அப்படியே நின்றால் காற்று.
தயங்கித் தயங்கிப் போனால் தூள்பனி.
சட்டென்று போனால் கட்டிப்பனி.
தொட்டதும் தொலைந்தால் கடல்.
எதில் கிடக்கிறாய் என்று கேட்க
இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது.

"பனிக்கு அனுப்பறேன்" என்றால்
"எந்தப் பனி?" என்கிறான் தம்பி, தொலைபேசியில்.
நியாயம்தான்.
புல்நுனியில் நிற்பதும் பனி,
சென்னையில் விமானம் தாமதமாவதும் பனி,
கப்பலை மாதக்கணக்கில் பிடித்துவைப்பதும் பனி.
நாடாவுக்கு அந்தக் குழப்பமில்லை.

செப்டம்பரில் இஷ்பெல் கொண்டுபோனாள்.
எனக்கு அலை என்றால் வாந்தி.
எண்பத்தைந்து டிகிரி வடக்கே துளையிட்டு
நாடாவை இறக்கி, மஞ்சள் பெட்டியைப் பலகைமேல் வைத்து,
துப்பாக்கியோடு ஒருவர் கரடி வருகிறதா என்று பார்த்திருக்க,
அவசரமாகக் கிளம்பிவிட்டாள்.
"துளை உறைய ஆரம்பிச்சிடுச்சு.
ஆறு உணரி மேலேயே சுருண்டு நிக்குது. மன்னிச்சிடு."

ஆறு மணிக்கொருமுறை பேசியது.
பல் தேய்க்கையில் ஒருமுறை,
அரிசி களைகையில் ஒருமுறை.
நூற்றுப் பதினேழாம் உணரி
கடலிலிருந்து பனிக்கு மாறிய இரவு
தனியாகக் கைதட்டினேன்.
ஜூனில் அது மறுபடி கடலானது.
தட்டிய கையை என்ன செய்ய?

ஆகஸ்டில், அந்த ஆறு உள்பட,
எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.
கடல். கடல். கடல்.
பனித்தட்டு உடைந்து, நாடாவை இழுத்துக்கொண்டு
பெட்டி மட்டும் கிரீன்லாந்துக் கரையோரமாய்த்
தெற்கே போய்க்கொண்டிருந்தது.
அட்டவணையில் 'முடிந்தது' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதவில்லை.
சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர், செவ்வாய், இங்கே வழக்கம்போல் மழை.
ஐஸ்லாந்தின் வடமேற்கில் ஒரு புள்ளி.
கடலில் இல்லை,
கரையிலிருந்து நானூறு மீட்டர் உள்ளே.
நாடா முழுக்கப் பத்தொன்பது டிகிரி.
யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள்.
ஜன்னலோரம் வைத்திருக்க வேண்டும்,
இல்லையென்றால் செயற்கைக்கோளுக்குக் கேட்டிருக்காது.

ஒவ்வொன்றாய்ச் சூடாகிக் கேட்டுப் பார்த்துக்
காற்று, காற்று என்கிறது.
இஷ்பெலின் ஆறு மட்டும்
முப்பத்து மூன்று டிகிரியில் இருந்துகொண்டு
தூள்பனி என்கிறது.

பிழை, காரணம் குறிப்பிடவும்
என்று கட்டம் ஒன்று திறந்தது திரையில்.
பூனை
என்று எழுதினேன்.