மல்பிகா துறைமுகம், பிப்ரவரி

மெர்லூசா மீன்களோடு வலையில் வந்தவர்.
முகத்தைக் கடல் எடுத்துக்கொண்டது.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.

உயரம் எழுதினேன்.
கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைப்பு.
சட்டைப்பையில் கூழாகிப்போன காகிதம்,
பேருந்துச் சீட்டாக இருக்கலாம்.
இடது ஷூவில் இரட்டை முடிச்சு.
அவிழ்க்கச் சொன்னார்கள்;
முடிச்சை விட்டுக் கயிற்றைக் கத்தரித்தேன்.

லாஹேயிலிருந்தும் கமரீனாஸிலிருந்தும்
பார்த்துப்போக வந்தார்கள்.
டொசிண்டா மட்டும் வெகுநேரம் நின்றாள்.
"எலாடியோ இல்லை" என்றாள்.
சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.
வாசல்வரை போனவள் திரும்பி
விலகியிருந்த துணியை
அவர் தோள்வரை இழுத்துவிட்டுப் போனாள்.

அடையாளம் காட்டியவர்: எவருமில்லை.

இரவு, ஷூவைக் கழற்றக் குனிந்தேன்.
இருபது வருஷமாய் நான் போடும் முடிச்சு
எப்படியிருக்கும் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.