பூஜ்ஜியம் நிமிடம்

நாகமலைக்குக் கீழே
எங்கள் ஆய்வகத்தின் இரண்டு சன்னல்களிலும்
கறுப்புத் தாள் ஒட்டியவர் இருளப்பன்.
பெயரைப் பார்த்துக் கொடுத்த வேலை இல்லை அது.
கிரானைட் மேசை பொருத்த வந்தவர்
அப்படியே தங்கிவிட்டார்.

உள்ளே ஒரு சிவப்பு பல்பு மட்டும்.
சித்திரை வெயில் வெளியே நின்று
கதவிடுக்கில் நகம் நுழைத்துப் பார்க்கும்.

நான் வளர்ப்பது ஒரு மூலக்கூறு.
இரண்டு வளையம், நடுவே இரண்டு நைட்ரஜன்.
இருட்டில் கையை நீட்டிப் படுத்திருக்கும்.
ஊதா ஒளி பட்டால் முழங்கை மடங்கும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை.

அப்படி ஆயிரமாயிரம் முழங்கைகளைத்
தோளோடு தோள் நிறுத்திச் சுவர் எழுப்பி
உள்ளே மருந்தைப் பூட்டினோம்.
விளக்கைக் காட்டினால் எல்லாம் ஒன்றாய் மடங்கும்,
சுவர் ஒழுகும், மருந்து இறங்கும்,
கட்டி இருக்கும் இடத்தில் மட்டும்.
தலைமுடிக்குத் தெரியாமல், குடலுக்குத் தெரியாமல்,
வாயின் உள்தோலுக்குத் தெரியாமல்.

இதை நிதி கேட்டு எழுத
எனக்கு நாற்பது பக்கம் ஆனது.
இருளப்பன் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"விலாசம் எழுதின தபாலு."

ஒரு வியாழக்கிழமை.
எங்கள் ஒளிர்மானி பழுது.
அளக்க வேண்டுமென்றால் ஊருக்கு அந்தப் பக்கம்,
ஒத்தக்கடை வரை போக வேண்டும்.
குப்பியைச் சுற்ற அலுமினியத் தாள் தீர்ந்திருந்தது.
ரெக்சிலின், என் மாணவி,
முந்தின இரவு பரோட்டா வந்த தாளைக்
கழுவித் துடைத்துச் சுற்றினாள்.

பஸ்ஸில் சன்னலோர இருக்கை.
காளவாசல், பெரியார், சிம்மக்கல்,
ஆற்றுப்பாலத்தில் அரைமணி நேர நெரிசல்.
மடியில் குப்பி.
சால்னா பட்டு நைந்த இடத்தில்
சுண்டுவிரல் நகமளவு கிழிசல்.
மதுரை வெயிலுக்கு அது போதும்.

பூஜ்ஜியம் நிமிட அளவு
பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.
தொண்ணூற்று நான்கு என்றது கருவி.
விளக்கைப் போடும் முன்பே
பூட்டு திறந்து, வீடு காலி.
போனில் அழுதாள்:
"பாலத்துலயே எல்லாம் இறங்கிருச்சு மேடம்."

மூன்று வார உழைப்பு.
திட்டுவதற்கு வாயைத் திறந்தவள்
சிரித்துவிட்டேன்.
வேலை செய்கிறது, பெண்ணே.
யாரும் கேட்காத இடத்தில்
எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது!

அன்று சாயங்காலம் கரண்ட் போனது.
சிவப்பு பல்பும் இல்லாத இருட்டில்
இருளப்பன் போன் டார்ச்சைப் போட்டார்.
குப்பிகள் ஞாபகம் வர
சட்டென்று உள்ளங்கையால் மூடினார்.

கை சிவந்து எரிந்தது.
விரலிடுக்கெல்லாம் சிவப்பு.
வேறெந்த நிறமும் இந்தப் பக்கம் வரவில்லை.

எனக்குத் தெரியாததா?
வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுவதுதான்.
உடம்பு ஊதாவை வாசலிலேயே நிறுத்திவிடும்,
சிவப்பை மட்டும் கொஞ்சதூரம் உள்ளே விடும்.
பஸ் சன்னலில் மடங்கும் என் முழங்கை
ஈரலுக்குப் பக்கத்தில்
கூப்பிடு கேட்காமல் கிடக்கும்.
"சிவப்புக்கு மடங்குற ஒண்ணு வேணும்,
மொதல்லேருந்து" என்று
வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போல.

கையை எடுக்காமலே கேட்டார்:
"எத்தனை வருஷம் ஆகும் மேடம்?"

பெரியாஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு
வரும் புதன் மூன்றாவது ஊசி.
ரோஸ்மில்க் நிறத்தில் ஏறும் அது
நாங்கள் பூட்டிவைத்த அதே மருந்துதான்,
விலாசம் இல்லாமல்.

"பத்து" என்றேன்.
பதினைந்து நாக்கில் இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை அணைத்தார்.
ஸ்டூல் இழுபடும் சத்தம்,
மேலே ஏறும் சத்தம்,
ஹோல்டரில் பல்பு கிறீச்சிட்டுத் திரும்பும் சத்தம்.

"அப்ப இந்தச் செவப்பு ஆகாதுல்ல"
என்றது உயரத்திலிருந்து குரல்.
"காலையில வரும்போது
பச்சை வாங்கியாரவா?"