ஒரு மாத்திரை முன்னால்

புது மடிக்கணினியில் தட்டு நுழைய வாயில்லை.
எழுபத்தொன்பது ஸ்லாட்டி கொடுத்து
வாயை மட்டும் தனியாக வாங்கி வந்தேன்.
"எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே,
மாதச் சந்தா கட்டினால் உலகமே பாடும்" என்றார் லெஷெக்,
முட்டைக்கோஸ் நறுக்கியபடி.
பாடும். அவர்கள் எடுத்துவிடும் நாள்வரை பாடும்.
இவை நான் காசு கொடுத்து வாங்கியவை.

நூற்று நாற்பத்தியொரு தட்டுகள்.
பாதிக்குமேல் தப்பான உறைக்குள்.
ஜாஸ் உறைக்குள் கிறிஸ்துமஸ் பாடல்கள்,
கிறிஸ்துமஸ் உறைக்குள்
எப்போதோ செத்துப்போன அச்சுப்பொறியின் மென்பொருள்.

சுழல்கிறது. மூச்சு வாங்குகிறது.
கீறல் விழுந்த இடத்தில் தயங்கி,
சந்தேகப்படும் சுங்க அதிகாரி போல
அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது.
ஒரு செல்லோத் தட்டின் மூன்றாம் தடம்
விடியும்வரை மசியவில்லை.
பற்பசை தேய்த்தால் சரியாகும் என்றார்கள்.
புதினா வாசனைதான் மிச்சம்.

பெயர்களை நான் எழுத வேண்டியதில்லை.
தடங்களின் நீளத்தை அளந்து பார்த்து
எங்கோ யாரோ தட்டச்சு செய்து வைத்த பட்டியலை
அதுவே தேடி எடுத்து நீட்டிவிடும்.

சனி மதியம், தொண்ணூற்றேழாவது தட்டு.
போஸ்னான் டிராம் பணிமனை பேண்டு வாத்தியக் குழு, 1998.
போட்டது முந்நூறு. விற்றது எண்பதோ தொண்ணூறோ.
மிச்சத்தில் ஒரு பெட்டி
பணிமனைக் கழிவறைக் கதவுக்கு
வெகுநாள் முட்டுக்கொடுத்தது.
நான் இரண்டாவது கிளாரினெட்.
பகலில் பதின்மூன்றாம் எண் டிராம்.

"பெயர் தெரியாத கலைஞர்" என்றுதான் வரும்,
நானே அடிக்க வேண்டியிருக்கும் என்று
விரல்களைச் சொடக்கெடுத்தேன்.

வந்தது பட்டியல்.
பத்துத் தடங்கள்.
கோல் பிடித்த வியென்ச்சிஸ்வாஃப் பெயரில்
ஓர் எழுத்துப் பிழை. அது யாருக்கும் வரும்.
ஆறாவது:
"வால்ட்ஸ் (அவசரக்குடுக்கை கிளாரினெட்)."

யாருக்கும் தெரியாது என்றுதான்
இருபத்தாறு வருடம் இருந்தேன்.
இரண்டு நிமிடம் பதினொரு நொடியில்
ஒரு மாத்திரை முன்னாலேயே நுழைந்துவிட்டேன்.
டூபாவிலிருந்து எவ்ஸ்டாஹி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கோல் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது.
ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை,
இன்னொரு முறை எடுக்கக் காசில்லை.
அன்று பீர் குடிக்கும்போதும் ஒருவரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

எழுதியவர் பெயர் இல்லை. தேதி இருந்தது:
2007 பிப்ரவரி, அதிகாலை மூன்று நாற்பது.
முதல் டிராம் எடுக்கிறவர்கள் எழும் நேரம்.
எவ்ஸ்டாஹியா என்றால்,
அவர் நாலு வருடம் முன்பே போய்விட்டார்.
அவர் அடக்கத்தில் வாசித்தோம்.
அன்று சரியாக எண்ணி நுழைந்தேன்.

ஆக, யாரோ ஒருவர்
கதவு முட்டுப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போய்
ஆறாவது தடம்வரை கேட்டிருக்கிறார்.
எண்ணிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

லெஷெக் ஈரக் கையோடு எட்டிப் பார்த்து
"நீயா அது?" என்றார்.
முப்பது வருடக் கணவர்.
அந்தத் தட்டு எங்கள் அலமாரியில்தான் இருந்தது.

திருத்தவா, அப்படியே ஏற்கவா என்றது திரை.
வியென்ச்சிஸ்வாஃபுக்கு அவருடைய எழுத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஆறாவதைத் தொடவில்லை.

போன வாரம் யாக்னாவின் காரில்
முகப்புத் திரையில் ஓடியது, பச்சை எழுத்தில், பிறைக்குறிகளோடு.
"யாரம்மா அது?" என்றாள்.
"ரோட்டைப் பார்" என்றேன்.
"விளக்கு இன்னும் சிவப்பு."
அவள் வண்டி ஏற்கெனவே அரை அடி நகர்ந்திருந்தது.
ஒன்று நாற்பது, ஒன்று நாற்பத்தொன்று.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.