செனோபியாவின் தொண்டை

சிலோயே தீவில் ஜூலை மழைக்கு
விட்டுப் பெய்யத் தெரியாது.
மூன்றாம் நாள் விடியலில்
கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள் செனோபியா,
வேலிக்கு அப்பால் எதையோ எட்டிப் பார்ப்பவள் போல.
மூச்சை இழுக்கும்போதெல்லாம்
துருப்பிடித்த கீல் ஒன்று
திறந்து மூடியது.

ஊறவைத்த கோதுமையைக் கொத்தினாள்.
கொத்தியதைத் தலையை உதறி வீசினாள்.
மறுபடி கொத்தினாள்.
பசி இருந்தது. வழிதான் இல்லை.

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து
சமையலறை விளக்கடியில் அலகைப் பிரித்தேன்.
முதலில் நாற்றம்.
பிறகுதான் தெரிந்தது:
நாக்கடியில், அண்ணத்தில், தொண்டை வளைவில்
திரிந்த பாலின் திப்பி போல
மஞ்சள் படை.

வாய் பார்க்காதவள் அல்ல நான்.
சால்மன் ஆலையில் பதினோரு வருடம்.
ஓர் இரவுக்கு நாலாயிரம் மீன்,
எல்லாம் வாய் பிளந்தபடியே வரும்.
செவுள் எங்கே, கத்தி எங்கே என்று
கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும்.
ஆனால்
திருப்பி மூச்சுவிடும் வாய்
இதுதான் முதல்.
விரலில் சூடாகப் பட்டது.
கை நடுங்கியதை
வீட்டில் யாரும் பார்க்கவில்லை.
யாரும் இல்லை.

படகுத்துறையில் ஒரு கால்நடை மருத்துவர் உண்டு,
டாக்டர் ஒயார்சோ. மீனுக்கு மட்டும்.
"கோழியா? சூப்பு வைத்துவிடேன்" என்றார்.
கெட்டவர் அல்ல.
கணக்குத் தெரிந்தவர்.

விடுப்புக் கேட்க மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன்.
சிக்கல் என்னவென்றால்
அவள் பெயரும் செனோபியா.
மற்ற ஏழு கோழிகளையும் கொத்திக் கொத்தி
வரிசையில் நிறுத்துகிறாளே என்று
அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.

"கோழிக்கு என்ன பெயர்?"
"பெயரெல்லாம் இல்லை."
"பெயரில்லாத ஒன்றுக்கா இரண்டு நாள் விடுப்பு?"

தரையைப் பார்த்தேன். ஈரத் தரை, எப்போதும் போல.
இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.
பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.
"போன வருடம் என் சேவலுக்கு வாங்கியது.
புறாக்கள் கொண்டுவந்து விடும் கிருமி,
தண்ணீர்த் தொட்டியைச் சுடுநீர் ஊற்றிக் கழுவு.
படையைப் பிய்த்துவிடாதே, ரத்தம் கொட்டும்.
மருந்தை அலகின் ஓரமாக விடு.
நாக்குக்குப் பின்னால் இருக்கிற துளை மூச்சுக்கானது,
அதில் ஒரு சொட்டு போனாலும் போயிற்று."
அவ்வளவு நீளமாக அவள் பேசி
நான் கேட்டதே இல்லை.

துண்டில் சுற்றினேன், தலை மட்டும் வெளியே.
மீன் அறுக்கும் கத்தியால்
மாத்திரையைத் துண்டாக்கினேன்.
ஊதா உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து
எண்ணெய் விட்டுக் குழைத்து
விரல் நுனியில் வைத்துக் காத்திருந்தேன்.
விழுங்கும்போது கண்ணை மூடுவாள்.
நானும் மூடினேன், ஏனென்று தெரியவில்லை.

நாற்றம் முதலில் போனது.
கீல் சத்தம் அடுத்து.
ஐந்தாம் நாள், படை தானாகவே கழன்று
துண்டில் கிடந்தது,
பால்பல் அளவு.
எட்டாம் நாள் என் கட்டைவிரலை
ரத்தம் வரக் கொத்தினாள்.
கொல்லையில் இறக்கிவிட்டேன்.
மாலைக்குள் ஏழும் வரிசையில் நின்றன.

மறுநாள் கூட்டில் ஒரு முட்டை,
இந்தத் தீவுக் கோழிகள் சில இடும் நீலத்தில்.
மருந்து இறங்கிய முட்டை, தின்னக் கூடாது.
எறியவும் மனமில்லை.
கையுறைக்குள் பொதிந்து ஆலைக்குக் கொண்டுபோய்
தின்னாதே என்று எழுதி
அவள் மேசையில் வைத்தேன்.

நடு ஷிப்டில் என் பக்கமாய் வந்து நின்றாள்.
"இப்போதாவது பெயர் வைத்தாயா?"
"வைத்தாயிற்று."
"என்ன?"

எந்திரச் சத்தத்தில் கேட்காத மாதிரி
கத்தியைத் தீட்டத் தொடங்கினேன்.