குவைட்

வார்டு கதவை ஒரு சாண் திறந்து
அந்த டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இரண்டு சொல்.
ஹீ. ஸ்டேபிள்.
நடுவில் இன்னொன்று இருந்தது. குவைட்.
கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

ஒடிசாக்காரராம். தமிழில் அவருக்கு
"வலிக்குதா" தெரியும், "மூச்சு இழுங்க" தெரியும்.
கொளஞ்சியிடம் இரண்டையும் கேட்டுப் பார்த்திருப்பார்.

குவைட் என்றால் சத்தம் போடாமலிருப்பது
என்றுதான் பள்ளிக்கூட ஞாபகம்.
சுவரில்கூட, உதட்டில் விரல் வைத்த நர்ஸ் படத்துக்குக் கீழே
அப்படி ஏதோ எழுதியிருந்தது.
என் தம்பி சத்தம் போடாமல் இருக்கிறான்
என்று சொல்லவா கடலூரிலிருந்து
ஜிப்மருக்கு அனுப்பினார்கள்?
ரெட்டிச்சாவடியில் லோடு ஆட்டோ கவிழ்ந்ததிலிருந்து
அவன் அப்படித்தானே கிடக்கிறான்.

பக்கத்துப் பாயில் ஒரு காரைக்கால் பையன்,
அப்பாவுக்குக் காவலிருப்பவன்.
"அது வேறக்கா, இது வேற. கடைசி ரெண்டு எழுத்து இடம் மாறும்"
என்று போனில் தேடி நீட்டினான்.
முற்றிலும், என்றிருந்தது.
விரலால் தள்ளினால் அதற்குக் கீழேயே
ஓரளவு.

"ரெண்டுல எதுப்பா?"
"சொல்ற ஆளப் பொறுத்துக்கா."

சொன்ன ஆள் உள்ளே இருந்தார்.
கோரிமேட்டுக் கொசு வெளியே.

தமிழில் மட்டும் என்ன வாழ்ந்தது?
ஏட்டு போனில் சொன்னார்:
"தலையில நல்லா அடிபட்டிருக்கும்மா."
நல்லா.
அந்த நல்லாவில் நல்லது ஒன்றுமில்லை என்று
யாரும் எனக்கு அகராதி பார்த்துச் சொல்லவில்லை.
நெல்லிக்குப்பத்தில் கதவைக்கூடப் பூட்டாமல் பஸ் ஏறினேன்.

கொளஞ்சி ரொம்ப என்று எதையும் சொன்னவனில்லை.
செம கிடையாது, சூப்பர் கிடையாது.
அவனுடையது ஒன்றுதான்: பரவால்ல.
மீன்குழம்பு? பரவால்ல.
பண்ருட்டியில் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றும் பரவால்ல,
ஆனால் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை,
காது மடல் சிவந்திருந்தது.
வண்டிக் கடன் எப்படிப் போகிறது என்றதற்கும் அதே பரவால்ல.
மூன்று தவணை பாக்கி என்பது
பைனான்ஸ்காரன் வாசலுக்கு வந்தபிறகு தெரிந்தது.
அன்று அவன் முகத்தைப் பார்க்காமல்
துணி மடித்துக்கொண்டே கேட்டிருந்தேன்.

ஆக, அர்த்தம் முகத்தில் இருக்கிறது.
நேற்று நான் பார்த்தது
அவர் மாஸ்க்கை.

ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது.
மாஸ்க் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது.
என்ன வயதிருக்கும், தம்பியைவிடச் சின்னவர்.
என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே
வாய் பிளந்து, கண்ணில் நீர் வர, ஒரு கொட்டாவி விட்டார்.
இன்னொருவர் கொட்டாவிக்கு
நான் இப்படிக் கும்பிட்டதில்லை.

இருந்தாலும் கேட்டேன். பாதி ராத்திரி
உதட்டுக்குள் சொல்லிப் பழகிய ஒற்றைச் சொல்:
"டாக்டர்... குவைட்?"

அவர் திடுக்கிட்டு, பாயில் படுத்திருந்தவர்களைப் பார்த்தார்.
"ஸாரி, ஸாரி" என்றார்.
கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து
மெதுவாக,
மெதுவாகக்
கதவைச் சாத்தினார்.